அந்தக் காரில் ஏறியவர்கள்: அமெரிக்க இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரிய நண்பர்களுக்கு,



அமெரிக்க இலக்கியத் தாளை நடத்தும் நம்மில் பலர், அந்நாட்டின் தென் மாநிலங்களைப் பற்றிய சிறுகதை ஒன்றையாவது வகுப்பில் எடுத்துவைக்கிறோம். வில்லியம் ஃபாக்னரின் ‘ட்ரை செப்டம்பர்’ அப்படிப்பட்ட ஒரு கதை. அதை எப்படிக் கற்பிக்கிறோம் என்பது பற்றித்தான் இந்த மடல். தூசி எதன் குறியீடு, நிலவு எதன் குறியீடு, மின்னி கூப்பரின் மனச்சிக்கல் என்ன என்று மூன்று கேள்விகளோடு பாடத்தை முடித்துவிடுவது எளிது. மூன்றும் வேண்டியவைதாம். ஆனால் அவற்றோடு நின்றுவிட்டால், ஒரு மனிதர் கடத்திக் கொல்லப்பட்ட கதை வெயிலையும் நரம்புத் தளர்ச்சியையும் பற்றிய கதையாகச் சுருங்கிப்போகும். அதைச் சுருங்க விடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளவே எழுதுகிறேன்.

கதையை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். மிசிசிப்பியில் ஜெஃபர்சன் என்ற கற்பனை ஊர். அறுபத்திரண்டு நாளாக மழை இல்லை. சனிக்கிழமை மாலை, ஒரு சலூனில் வெள்ளையின ஆண்கள் கூடியிருக்கிறார்கள். மணமாகாத, நாற்பதை நெருங்கும் வெள்ளையினப் பெண் மின்னி கூப்பருக்கும் வில் மேயஸ் என்ற கறுப்பினத்தவருக்கும் இடையே ஏதோ நடந்துவிட்டதாக ஊரில் பேச்சு. வில் மேயஸ் ஐஸ் தொழிற்சாலையின் இரவுக் காவலாளி. அவரைத் தனக்குத் தெரியும், அவர் அப்படிச் செய்பவர் அல்லர் என்கிறார் முடிதிருத்துபவரான ஹாக்‌ஷா. முதல் உலகப் போரில் பிரான்சில் படை நடத்தி வீரப்பதக்கம் பெற்ற மெக்லெண்டன் உள்ளே வருகிறான். சற்று நேரத்தில் சலூன் காலியாகிறது, கார்கள் கிளம்புகின்றன.

உண்மையில் ஏதாவது நடந்ததா என்று சலூனில் ஒருவர் கேட்கத்தான் செய்கிறார். நடந்தால் என்ன, நடக்காவிட்டால் என்ன என்பதுதான் மெக்லெண்டன் சொல்லும் பதிலின் சாரம். கொலைக்குப் பிறகு, கதையின் இறுதிப்பகுதியில், மின்னியின் தோழிகளும் அதே கேள்வியைத் தமக்குள் கிசுகிசுக்கிறார்கள். முதலில் கேட்டபோதும் விடை இல்லை, பிறகு கேட்டபோதும் விடை இல்லை. இடையில் ஓர் உயிர் போய்விட்டது.

இந்த இடத்தில் வகுப்பை நிறுத்துங்கள். வதந்தி என்றால் பொய்ச் செய்தி, உண்மையை எடுத்துச் சொன்னால் அது அடங்கிவிடும் என்று நம் மாணவர்கள் நம்புகிறார்கள். ஃபாக்னரின் சலூனில் அந்த நம்பிக்கை செல்லாது. அங்கிருப்பவர்கள் ஏமாற்றப்பட்டவர்கள் அல்லர். என்ன நடந்தது என்று அறிந்துகொள்ள அவர்களுக்கு அக்கறையே இல்லை. வதந்தி அவர்களுக்குத் தகவல் கொண்டுவரவில்லை, அனுமதி கொண்டுவந்தது. ஒரு கறுப்பினத்தவரின் உயிரை எடுக்கும் அதிகாரம் ஏற்கெனவே தங்கள் கையில் இருப்பதாக நினைத்தவர்களுக்கு, அதைப் பயன்படுத்த ஒரு நாள் குறித்துக் கொடுத்தது. அதனால்தான் ஹாக்‌ஷா எடுத்துவைக்கும் நற்சான்று ஒருவர் காதிலும் ஏறவில்லை.

இதைக் கதாசிரியரின் கற்பனை என்று மாணவர்கள் தள்ளிவிடாதிருக்க, ஐடா பி. வெல்ஸைப் பற்றிச் சொல்லுங்கள். 1892 மார்ச்சில் டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரில் தாமஸ் மாஸ் என்ற கறுப்பின மளிகைக் கடைக்காரரும் அவருடைய கூட்டாளிகள் இருவரும் சிறையிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய கடை, பக்கத்திலிருந்த வெள்ளையினத்தவரின் கடைக்குப் போட்டியாக வளர்ந்திருந்தது. மாஸ், வெல்ஸின் நண்பர். பத்திரிகையாளரான வெல்ஸ் அதன் பிறகு கும்பல் கொலைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். வெள்ளையினப் பெண்களைக் காப்பாற்றவே கொல்கிறோம் என்று தென் மாநிலங்கள் உலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தன. கொல்லப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்மீதுதான் அப்படிப்பட்ட குற்றச்சாட்டாவது இருந்தது என்று வெல்ஸ் எடுத்துக்காட்டினார். அந்தக் குற்றச்சாட்டுகளும் நீதிமன்றத்தில் நிறுவப்பட்டவை அல்ல. அதே ஆண்டு மே மாதம், அவர் வெளியூரில் இருந்தபோது, அவருடைய பத்திரிகை அலுவலகத்தை ஒரு கும்பல் அடித்து நொறுக்கியது. உண்மை தெரியாததால் அல்ல, உண்மை அச்சில் வந்துவிட்டதால்தான் அந்தக் கும்பல் திரண்டது.

டஸ்கீகி நிறுவனம் திரட்டிய கணக்கின்படி 1882 முதல் 1968 வரை அமெரிக்காவில் 4,743 பேர் கும்பல்களால் கொல்லப்பட்டார்கள். அவர்களில் 3,446 பேர் கறுப்பினத்தவர். இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதிவிட்டுக் கதைக்குள் போங்கள். மிசிசிப்பியின் ஆக்ஸ்ஃபோர்ட் ஃபாக்னர் வளர்ந்த ஊர். 1908 செப்டம்பரில் நெல்ஸ் பேட்டன் என்ற கறுப்பினத்தவரை அங்கே ஒரு கும்பல் சிறையை உடைத்துக் கொன்றது. அந்தக் கும்பலுக்குத் தலைமை தாங்கியவன் நான்தான் என்று அமெரிக்க செனட்டில் உறுப்பினராக இருந்த ஒருவர் வெளிப்படையாகப் பெருமை பேசினார். அப்போது ஃபாக்னருக்கு வயது பத்து. ஊரின் பெரிய மனிதர்கள் கும்பலாவதை அவர் நூலில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

அடுத்து மின்னி கூப்பர். அவளைப் பற்றிய பாடம் பெரும்பாலும் அவளுடைய தனிமை, வயது, நிறைவேறாத ஆசை என்று ஒரே தடத்தில் ஓடுகிறது. அந்த ஊர் அவளை என்ன செய்தது என்று கேளுங்கள். மனைவியை இழந்த வங்கி ஊழியர் ஒருவரோடு அவள் பழகியபோது ஊர் அவளுக்கு ஒழுக்கங்கெட்டவள் என்று பட்டம் கட்டியது. அவர் அவளை விட்டு வேறு நகரத்துக்குப் போனபோது ஊர் அவளுக்காகப் பரிதாபப்பட்டது. பிறகு அவளை அடியோடு மறந்தது. அவளைப் பற்றிப் பல ஆண்டுகள் வம்பு பேசிய அதே வாய்கள்தாம் இப்போது வில் மேயஸைப் பற்றிப் பேசுகின்றன. வதந்தி பரவிய நாளில் அவள் சதுக்கத்தைக் கடக்கும்போது, நெடுநாளாக அவளைத் திரும்பிப் பார்க்காத ஆண்கள் தொப்பியைத் தொட்டு மரியாதை செய்கிறார்கள். ஒரு பெண்ணுக்கு அந்த ஊர் தரும் மரியாதையின் விலை ஒரு கறுப்பினத்தவரின் உயிர்.

ஹாக்‌ஷாவின் வாதத்தையும் இங்கேயே சோதித்துப் பாருங்கள். வில் மேயஸுக்காகப் பேசும்போது அவர் மின்னியின்மீது பழி போடுகிறார். கல்யாணம் ஆகாமலே வயதாகிப்போன பெண்களுக்கு இப்படியெல்லாம் தோன்றும் என்பது அவர் பேச்சின் உட்கிடை. ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவரை இழிவுபடுத்தும் வாதம் அது. சலூனில் உள்ள ஆண்கள் போட்டுவைத்த கணக்குக்குள் நின்றுகொண்டே அவர்களை எதிர்க்கப் பார்க்கிறார், தோற்றுப்போகிறார். பெண்ணின் மானத்துக்காக ஆள் திரட்டிப் போன மெக்லெண்டனோ, நள்ளிரவில் வீடு திரும்பி, தனக்காகக் கண்விழித்திருந்த மனைவியைத் தோளைப் பிடித்து நாற்காலியில் தள்ளுகிறான். இவன் யாரைக் காப்பாற்றக் கிளம்பினான் என்ற கேள்விக்கு ஃபாக்னர் கொடுத்திருக்கும் பதில் அந்த ஒரு காட்சிதான்.

ஹாக்‌ஷாவின் வழியை விடச் சிறந்த வழி ஒன்று அப்போதே இருந்தது. 1930 நவம்பரில் அட்லாண்டாவில் ஜெஸி டேனியல் ஏம்ஸ் என்பவரின் தலைமையில் தென் மாநிலங்களின் வெள்ளையினப் பெண்கள் கூடி, கும்பல் கொலைகளைத் தடுக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். எங்கள் பெயரைச் சொல்லிக் கொல்லாதீர்கள் என்பது அவர்கள் சொன்னதன் சாரம். ஊர் ஊராகப் போய்க் கையெழுத்துத் திரட்டினார்கள், காவல் அதிகாரிகளிடம் உறுதிமொழி வாங்கினார்கள். அந்தச் சங்கத்தில் கறுப்பினப் பெண்களுக்கு இடம் இல்லை. அந்தக் குறையையும் மாணவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இருந்தாலும் கும்பலின் கையிலிருந்த சாக்கை அவர்கள் பறிக்க முயன்றார்கள். யாரைக் காட்டிக் கொலை நடந்ததோ அவர்களே அதை மறுத்து நின்றது, எந்த நற்சான்றும் செய்ய முடியாத வேலை.

சங்கம் தொடங்கி இரண்டே மாதத்தில், 1931 ஜனவரி ‘ஸ்கிரிப்னர்ஸ்’ இதழில், ‘ட்ரை செப்டம்பர்’ வெளியானது. அதற்கு அடுத்த மாதம் நடந்ததும் வகுப்பறைக்கு வர வேண்டும். மிசிசிப்பியைச் சேர்ந்த கறுப்பினத்தவர் ஒருவர், கும்பல் கொலைக்கு எதிராகப் பெண்கள் திரண்டதற்கு நன்றி சொல்லி மெம்ஃபிஸின் ‘கமர்ஷியல் அப்பீல்’ நாளிதழுக்கு எழுதியிருந்தார். அதற்குப் பதிலாக ஃபாக்னர் எழுதிய கடிதம் பிப்ரவரியில் அதே நாளிதழில் அச்சானது. கும்பல் கொலையைத் தாம் ஆதரிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே, கும்பல்களின் முடிவும் நடுவர் குழுக்களின் முடிவைப் போலச் சரியாக அமைவதுண்டு என்று பொருள்பட அவர் அதில் எழுதினார். வில் மேயஸைப் படைத்த அதே கை!

இது நம்மை வருத்தும் செய்தி. ஃபாக்னரை உயர்த்திப் பேசுபவர்கள் இதை மறைக்கவும் கூடாது, இதைக் காட்டிக் கதையைக் குப்பையில் போடவும் கூடாது. கடிதம் எழுதும்போது அவர் ஊர்க்காரர், ஊர் பேசுவதைப் பேசினார். கதை எழுதும்போது ஒவ்வொருவரையும் அருகில் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. வியர்வை படிந்த சட்டையோடு கத்தும் இளைஞனையும், பேச வாயெடுத்து அடங்கிப்போகும் வாடிக்கையாளரையும், வெளியூரிலிருந்து வந்து ஒன்றும் தெரியாமலே ஒட்டிக்கொள்ளும் விற்பனைப் பிரதிநிதியையும் பார்த்தவர், கும்பல் சரியாக முடிவெடுக்கும் என்று கதைக்குள் எழுத முடியாது. அப்படி எழுதினால் கதை பொய்யாகிவிடும். சிறுகதை என்ற வடிவத்தின் அறம் அதுதான். எழுதியவரின் நாக்கு மறுநாள் தவறினாலும், அவர் பார்த்தது கதையில் பதிந்து நிற்கிறது. 1955இல், எம்மெட் டில் என்ற பதினான்கு வயதுச் சிறுவன் மிசிசிப்பியில் கொல்லப்பட்டபோது, ரோமில் இருந்த ஃபாக்னர் அந்தக் கொலையைக் கண்டித்து அறிக்கை விட்டார். அதுவும் வரலாற்றில் இருக்கிறது. மூன்றையும் சேர்த்தே சொல்லுங்கள்.

ஆனால் ஃபாக்னருடன் மட்டும் நின்றுவிடும் வகுப்பு அரைகுறை வகுப்பு. ‘ட்ரை செப்டம்பர்’ கதையில் வில் மேயஸ் பேசுவது சில வார்த்தைகள்தாம். நான் ஒன்றும் செய்யவில்லையே என்கிறார், முதலாளிமாரின் பெயர்களைச் சொல்லிக் கேட்கிறார். அவருக்கு வீடு எங்கே, யார் காத்திருந்தார்கள், அவர் எதற்கு அஞ்சினார் என்று கதை சொல்வதில்லை. கொலையையும் அது காட்டுவதில்லை. பாழடைந்த செங்கல் சூளை இருக்கும் பக்கம் கார் போகிறது. திரும்பி வரும்போது அதில் நான்கு பேர் இருக்கிறார்கள். கணக்கை வாசகர்தான் போட வேண்டும். கலையாக இது பெரிய சாதனை. ஆயினும் கொல்லப்பட்டவரின் கண்ணால் பார்த்தால் இந்த இரவு எப்படி இருக்கும் என்பதை வேறொருவர்தான் எழுத வேண்டியிருந்தது.

அவர் ரிச்சர்ட் ரைட். 1908இல் மிசிசிப்பியின் நாட்செஸ் அருகே பிறந்த கறுப்பின எழுத்தாளர். 1936இல் வெளியாகி, 1938இல் ‘அங்கிள் டாம்ஸ் சில்ட்ரன்’ தொகுப்பில் இடம்பெற்ற ‘பிக் பாய் லீவ்ஸ் ஹோம்’ கதையில் நான்கு கறுப்பினச் சிறுவர்கள் ஒரு வெள்ளையினத்தவரின் நிலத்து ஓடையில் குளிக்கிறார்கள். உடையில்லாமல் நிற்கும் அவர்களை ஒரு வெள்ளையினப் பெண் பார்த்துவிட்டு அலறுகிறாள். அவள் மணக்கவிருந்த படைவீரன் ஓடிவந்து இருவரைச் சுட்டுக் கொல்கிறான். கைகலப்பில் பிக் பாய் அவனைச் சுட்டுவிடுகிறான். பிறகு, சிறுவர்கள் விளையாட்டுக்காக மலைச்சரிவில் தோண்டிவைத்திருந்த சூளைக் குழிக்குள் அவன் ஒளிந்துகொள்கிறான். அங்கிருந்தபடியே தன் நண்பன் போபோ உயிரோடு கொளுத்தப்படுவதைப் பார்க்கிறான். வேடிக்கை பார்க்கப் பெண்களும் வந்திருக்கிறார்கள், கூட்டம் பாடுகிறது.

இரண்டு கதையிலும் சூளை வருகிறது என்பதை மாணவர்களுக்குக் காட்டுங்கள். ஃபாக்னரின் கதை சூளைக்கு வெளியே நின்றுவிடுகிறது. ரைட்டின் கதை சூளைக்குள் பதுங்கி, வெளியே நடப்பதைக் கடைசிவரை பார்க்கிறது. ஃபாக்னர் இருட்டில் விட்டதை ரைட் நெருப்பு வெளிச்சத்தில் காட்டுகிறார். ஒன்றை வாசித்து இன்னொன்றை விட்டால், கொன்றவர்களின் மனம் நமக்குத் தெரியும், இறந்தவர்களின் அச்சம் தெரியாது. தம்முடைய தொகுப்பை வாசித்தவர்கள் அழுதுவிட்டு மனநிறைவு அடைந்துவிட்டார்கள் என்பதே ரைட்டுக்குப் பிறகு உறுத்தியது. அடுத்த நூலை யாரும் அழுது தப்பித்துவிட முடியாதபடி எழுத வேண்டும் என்று முடிவெடுத்ததாக அவரே பதிவுசெய்திருக்கிறார். அப்படி வந்ததுதான் 1940இன் ‘நேட்டிவ் சன்’. நம் வகுப்பும் கண்ணீரோடு முடிந்துவிடக் கூடாது.

நேரம் இருந்தால் ஜேம்ஸ் பால்ட்வினின் ‘கோயிங் டு மீட் த மேன்’ கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1965இல் வந்த அந்தக் கதையில், தென்னகக் காவல் துறையில் பணிபுரியும் ஜெஸ்ஸி என்ற வெள்ளையினத்தவன், சிறுவயதில் பெற்றோர் தன்னை ஒரு கும்பல் கொலைக்கு அழைத்துச் சென்றதை நினைத்துப் பார்க்கிறான். உணவு கட்டிக்கொண்டு, நல்ல உடை உடுத்திக்கொண்டு உல்லாசப் பயணம் போவதைப் போலப் போனார்கள். அப்பா அவனைத் தோளில் தூக்கி நன்றாகப் பார்க்க வைத்தார். ஃபாக்னரின் சலூனில் அமர்ந்திருந்த ஆண்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எங்கும் வாசித்ததில்லை. வெறுப்பு அங்கே வீட்டுப் பாசத்தோடு சேர்த்தே ஊட்டப்பட்டது.

இப்போது அந்தக் காருக்கு வருகிறேன். என் கோரிக்கையின் மையம் அதுதான். ஹாக்‌ஷா நல்லவர், வில் மேயஸ் குற்றமற்றவர் என்று நம்புபவர், கும்பலைத் தடுக்கவே பின்னால் ஓடுகிறார். ஆனால் ஓடிப்போய் அவர்களுடைய காரிலேயே ஏறிக்கொள்கிறார். விலங்கிட்ட கைகளோடு திமிறும் வில் மேயஸின் அடி அவர் வாயில் படுகிறது. அவரும் திருப்பி அடிக்கிறார். அதன் பிறகு இறங்க வேண்டும் என்கிறார். வில் மேயஸ் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். ஹாக்‌ஷா ஓடும் காரிலிருந்து குதித்துப் புதருக்குள் விழுகிறார், குமட்டிக்கொண்டு ஊர்ப் பக்கம் நடக்கிறார். இந்தக் கதையின் கொடூரமான பகுதி எது என்று என்னைக் கேட்டால் இதையே சொல்வேன். மெக்லெண்டன்கள் எண்ணிக்கையில் குறைவு. அவர்கள் காரை நிரப்புபவர்கள் மற்றவர்கள். நம்பாமலே கூடப் போகிறவர்கள், மனம் கேட்காமல் பாதியில் இறங்கிவிடுகிறவர்கள், மறுநாள் கடையைத் திறந்து வழக்கம்போல வேலை பார்க்கிறவர்கள். எம்மெட் டில்லைக் கொன்றவர்களை வெள்ளையின ஆண்கள் மட்டுமே இருந்த நடுவர் குழு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் விடுதலை செய்தது. சில மாதங்களில் அந்த இருவரும் ‘லுக்’ இதழிடம் பணம் வாங்கிக்கொண்டு கொலையை ஒப்புக்கொண்டார்கள். அந்த நடுவர்களும் ஒருவகையில் அந்தக் காரில் ஏறியவர்கள்தாம்.

கும்பல் கொலையைக் கூட்டாட்சிக் குற்றமாக்க அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஏறத்தாழ இருநூறு முறை மசோதா கொண்டுவரப்பட்டது. 1922இல் ஒரு மசோதா பிரதிநிதிகள் அவையில் நிறைவேறி, செனட்டில் தென் மாநில உறுப்பினர்களால் முடக்கப்பட்டது. எம்மெட் டில்லின் பெயரிலான சட்டம் கையெழுத்தானது 2022 மார்ச் 29 அன்று. ஒரு நூற்றாண்டு! அந்த நூறு ஆண்டுகளில் மசோதாக்களைச் சாகவிட்டவர்கள் துப்பாக்கி தூக்கியவர்கள் அல்லர்.

ஆகவே நண்பர்களே, என் கோரிக்கைகள் இவை. ‘ட்ரை செப்டம்பர்’ கதையைத் தனியாக நடத்தாதீர்கள், ‘பிக் பாய் லீவ்ஸ் ஹோம்’ கதையோடு சேர்த்து நடத்துங்கள். வெல்ஸையும் ஏம்ஸையும் ஃபாக்னரின் 1931 கடிதத்தையும் பாடத்தின் பகுதியாக்குங்கள். கதைகளில் கறுப்பினத்தவரைக் குறிக்கும் இழிசொல் நிறைய வரும். உண்மைக்காக அது நூலில் இருக்கட்டும், வகுப்பில் உரக்க வாசிக்க வேண்டியதில்லை. இதை நம் ஊரோடு ஒப்பிடும் வேலையை மாணவர்களிடமே விடுங்கள். மிசிசிப்பியை ஒழுங்காகத் தெரிந்துகொண்டால் அதை அவர்களே செய்வார்கள், நம்மைவிடத் துணிச்சலாகவும் செய்வார்கள்.

கடைசியாக, வினாத்தாளை மாற்றுங்கள். மின்னி கூப்பரின் குணச்சித்திரம் வரைக என்ற கேள்விக்கு மாணவர்கள் குறிப்பேட்டிலிருந்து விடை எழுதிவிடுவார்கள். அதன் இடத்தில் இதைக் கேளுங்கள்: வில் மேயஸ் உயிரோடு வீடு திரும்பியிருக்க வேண்டுமானால், அன்று மாலை அந்த ஊரில் யார், எந்த நேரத்தில், என்ன செய்திருக்க வேண்டும்? காவல் அதிகாரியிடம் ஓடியிருக்கலாம். ஐஸ் தொழிற்சாலைக்கு முன்கூட்டியே ஆள் அனுப்பியிருக்கலாம். மின்னியின் தோழிகள் வாய் திறந்திருக்கலாம். சலூனில் இருந்தவர்களில் ஒருவராவது நாற்காலியை விட்டு எழாமல் இருந்திருக்கலாம். இப்படி ஒவ்வொன்றாக எழுதிப் பார்க்கும் மாணவருக்கு, அந்தச் சாவு வெயிலால் வந்ததல்ல, மனிதர்கள் பலமுறை எடுத்த முடிவுகளால் வந்தது என்று புரியும். இந்தக் கேள்வியை இந்தப் பருவத் தேர்விலேயே கேட்கத் தொடங்குங்கள்.

மிகுந்த மதிப்புடனும் நம்பிக்கையுடனும்,
இக்கதைகளை நேசிக்கும் ஒரு வாசகர்